கருணைக்கு ஜி.எஸ்.டி. தனி

குடியரசுத் தலைவரின் கருணைக்கு விலை முப்பத்தெட்டு லட்சம். ஜி.எஸ்.டி. தனி.

“எத்தினி பர்சன்ட் அண்ணாத்தே? அஞ்சா, பதினெட்டா?” என்றாள் வினிதா.

“உயிர் ஆடம்பரப் பொருள். நாற்பது போடுவாங்க” என்றார் ஜெபசிங்.

எதிர் நாற்காலியில் இருந்த சுஜா சிரிக்கவில்லை. தூக்குத் தண்டனைக் கைதியின் மனைவி முன்னால் அடிக்கக்கூடிய ஜோக் அல்ல அது. ஆனால் ராயபுரத்தில் வலைக்கயிறு மண்டிக்கு மேல்மாடியில் துப்பறியும் ஆபீஸ் நடத்துகிற இந்த இரண்டு பேரிடமும் வேறு சரக்கு ஸ்டாக் இல்லை. ஜெபசிங், யானைக்கவுனி மளிகை மொத்த வியாபாரக் குடும்பத்தில் பிறந்து, பருப்பில் கல் பொறுக்குவதை விட்டுவிட்டு மனிதர்களில் பொறுக்க வந்தவர். வினிதா காசிமேட்டுப் பெண். அவருடைய உதவியாளர். வாயை மூடிக்கொண்டு இருப்பதற்கு அவள் தனிச் சம்பளம் கேட்டிருந்தாள். ஜெபசிங் அதைக் கொடுப்பதில்லை.

சுஜா முதலிலிருந்து சொன்னாள்.

புருஷன் ரவிக்குமார் ஆறு வருஷமாகப் புழல் சிறையில் இருக்கிறான். மீன்பிடித் துறைமுகத்தில் ஒரு விசைப்படகுக்கு யாரோ தீ வைத்தார்கள். உள்ளே தூங்கிக்கொண்டிருந்த கூலியாட்கள் மூன்று பேர் கரியானார்கள். மண்ணெண்ணெய் கேனோடு பிடிபட்டவன் ரவிக்குமார். கோர்ட்டில் அவன் வாயே திறக்கவில்லை. கீழ்க்கோர்ட், ஹைகோர்ட், சுப்ரீம் கோர்ட் மூன்றும் ஒரே தீர்ப்பு. கவர்னரும் கருணை மனுவைத் தள்ளிவிட்டார். மிச்சம் டெல்லி. கவர்னர் தள்ளிய நாளிலிருந்து அறுபது நாளுக்குள் குடியரசுத் தலைவருக்கு மனு போக வேண்டும்.

“அறுபதாவது நாள் எப்போ?”

“இன்னைக்கு. சாயங்காலம் அஞ்சு மணிக்குள்ளே ஜெயில் ஆபீஸிலே கொடுக்கணும் அண்ணாச்சி.”

“மனு எங்கே?”

“எழுதலை.”

ஜெபசிங் டீ கிளாஸை வாய்க்குக் கொண்டுபோகாமலே கீழே வைத்தார்.

“ஜாயின்ட் செக்ரட்டரி பகலவன் ஐயா, உள்ளே இருக்கவரும் எழுதக் கூடாது, நானும் எழுதக் கூடாதுன்னுட்டாங்க. டெல்லிலேருந்து வந்து திருவொற்றியூர் லாட்ஜிலே தங்கியிருக்காங்க. எல்லாத்தையும் மேலே அவங்க பேசியே முடிச்சிருவாங்களாம். இங்கேயிருந்து ஒரு மனுவும் போச்சுன்னா ரெண்டு ஃபைலும் மோதிக்கிட்டு ரெண்டும் தள்ளுபடி ஆயிருமாம்.”

“ஃபைலு இன்னா தண்ணி லாரியா, மோதிக்க?” என்றாள் வினிதா.

“வக்கீல் ஒருத்தர் இருந்திருப்பாரே?”

“இருந்தாரு. டெல்லி ஐயாவுக்கு வக்கீல்னாலே ஆகாதுன்னு அத்தை அவரை நிறுத்திட்டாங்க. அத்தை படகை விக்கிறாங்க. மிச்சத்துக்கு நான் ரெண்டு மாசமா எங்க அப்பா கடைக்கும் சொந்தக்காரங்க வீட்டுக்கும் அலையுதேன்.”

அத்தை என்றால் மாமியார் மங்கை. காசிமேட்டில் மீன் ஏலம் விடுகிறவள். வினிதாவுக்கு அவளைப் பிறந்ததிலிருந்து தெரியும்.

“இப்பவே உக்காந்து மனுவை எழுது மக்ளே” என்றார் ஜெபசிங்.

“அந்த ஐயா நிஜமா இருந்தா? நான் எழுதினதாலேயே எங்க வீட்டுக்காரரு தொங்கினா?” சுஜாவின் குரல் ஏறவில்லை, அதுதான் கேட்கக் கஷ்டமாக இருந்தது. “அந்த ஐயா போலின்னு எனக்குக் காட்டுங்க. காட்டின நிமிஷம் எழுதுதேன்.”

எண்ணூர் நெடுஞ்சாலையில் கன்டெய்னர் லாரிகள் துறைமுகத்துக்குள் போகிற வரிசையில் நின்றன. நின்றன என்பதைவிடக் குடியிருந்தன என்று சொல்லலாம்; ஒரு டிரைவர் லாரிக்கு அடியில் கறிக்குழம்பு வைத்துக்கொண்டிருந்தார். அவற்றுக்கு நடுவில் ஆட்டோ நுழைந்து திருவொற்றியூரை அடைந்தபோது மணி பதினொன்றரை.

லாட்ஜ் வாசலில் ஒரு வெள்ளைக் கார். அதன் தலையில் சிவப்புச் சுழல் விளக்கு.

“ஒண்ணு” என்றாள் வினிதா, விரலை மடக்கி.

சுஜாவை ஆட்டோவிலேயே இருக்கச் சொல்லிவிட்டு இருவரும் மாடியேறினார்கள். உள்ளே ஜெபசிங் சுஜாவின் தாய்மாமன். வினிதா அவருடைய கணக்குப்பிள்ளை. அதுதான் ஏற்பாடு.

அறையில் சஃபாரி சூட் போட்ட அறுபது வயதுக்காரர் உட்கார்ந்திருந்தார். மேஜையில் சின்ன மூவர்ணக் கொடி, பக்கத்தில் பாதி கடித்த வாழைக்காய் பஜ்ஜி. முகம் என்னவோ பிரமாதம். அந்த முகத்தைப் பார்த்தால் பெட்டிக்கடைக்காரன்கூட எழுந்து நிற்பான்.

“அச்சா, சொல்லுங்கள். மூன்று மணிக்குப் பிரதமர் அலுவலகத்தோடு எனக்குக் கான்ஃபரன்ஸ் கால் இருக்கிறது.”

“விலைதான் ஐயா கொஞ்சம் உசரம்” என்றார் ஜெபசிங் பவ்யமாக. “பிரிச்சுச் சொன்னீங்கன்னா வீட்டுல சொல்ல வசதி.”

பகலவன் கண்ணை மூடிக்கொண்டு ஒப்பித்தார். செக்‌ஷன் ஆபீசருக்கு ஐம்பதாயிரம். அண்டர் செக்ரட்டரிக்கு ஒரு லட்சம். டெபுடி செக்ரட்டரி, டைரக்டர், அடிஷனல் செக்ரட்டரி, செக்ரட்டரி என்று படிக்கு ஒரு விலையாக ஏறி, உள்துறை மந்திரியிடம் மூச்சு வாங்கி, உச்சியில் குடியரசுத் தலைவருக்குப் பதினைந்து லட்சம்.

“தலைவர் ஒப்புக்கிட்டாங்களா?”

“நேற்று இரவே வாக்குக் கொடுத்துவிட்டார்கள். இனி அவர்கள் உத்தரவு போட வேண்டியதுதான் பாக்கி. உள்துறை, பிரதமர், மந்திரிசபை எல்லாம் கைகட்டிக்கொண்டு நிறைவேற்றும்.”

“மந்திரிங்க மாட்டேன்னா?”

“டிஸ்மிஸ்!”

ஜெபசிங் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். பவ்யம் போய்விட்டது.

“யானைக்கவுனியிலே எங்க கடை போர்டுல எங்க பெரியப்பா பேரு. பில்லுல அவரு பேரு, சாக்குல அவரு பேரு. ஆனா கொள்முதல் பண்றது, விலை வைக்கிறது, எவனுக்குக் கடன், எவனுக்கு இல்லைன்னு முடிவு பண்றது எல்லாம் எங்க அப்பாவும் சித்தப்பாவும். அவங்க நீட்டுற காகிதத்துல பெரியப்பா கையெழுத்துப் போடுவாரு. பிடிக்கலேன்னா ஒரு தடவை, ‘இன்னொருக்கா யோசிங்கடா’ன்னு திருப்பி அனுப்பலாம். மறுபடியும் அதையே நீட்டினா போட்டுத்தான் ஆகணும். இந்த தேசமும் அந்தக் கடைதான்வே. போர்டு குடியரசுத் தலைவர். கல்லா பிரதமரும் மந்திரிசபையும். கருணை மனு போர்டு பேருக்குத்தான் போவும். ஆனா அதைப் படிக்கிறது, மாநிலத்தைக் கேக்கிறது, விடலாமா கூடாதான்னு யோசனை சொல்றது உள்துறை. அந்த யோசனைப்படிதான் கையெழுத்து. நீரு என்னடான்னா, போர்டு அதட்டினா கல்லா நடுங்கும்ங்கீரு.”

“நீங்கள் அரசாங்கத்தை அவமதிக்கிறீர்கள்.”

“இன்னும் கேளும். தலைவருக்குப் பதினஞ்சு லட்சம், செக்‌ஷன் ஆபீசருக்கு அரை லட்சமா? ஃபைலைப் பிரிச்சு முதல் குறிப்பு எழுதுறவன் அடியிலே இருக்கான். டெல்லியைப் பார்த்த திருடனா இருந்தா, அந்தக் கீழ்ப்படி ஆளைத்தான் உசந்த விலைக்கு விப்பான். நீரு டெல்லியைக் காலண்டர்லகூடப் பார்த்ததில்லை.”

“அந்த செவப்பு லைட்டு வேற” என்றாள் வினிதா. “பிரதமர் வண்டிலயே கயட்டி வருசக்கணக்கா ஆவுது. நீ இன்னா ஆம்புலன்ஸா?”

சஃபாரி சூட்டுக்குள்ளிருந்து காற்று இறங்கியது. இரண்டே நிமிஷத்தில் பகலவன் ஐ.ஏ.எஸ். மறைந்து, தண்டையார்பேட்டை சுப்பராயன் வெளியே வந்தார். தொழில்: பெண் பார்க்கப் போகிற வீடுகளுக்கு, ‘டெல்லியில் பெரிய உத்தியோகத்தில் இருக்கிற பெரியப்பா’வாக வாடகைக்குப் போவது. தட்டு மாற்றும் வரை இருந்தால் கூடுதல் கட்டணம். சாப்பாடு அவர்கள் பொறுப்பு.

“ஒரு பைசா அந்தப் பொண்ணுகிட்ட வாங்கலை சார். முப்பத்தெட்டு லட்சமும் எனக்கில்லை. எனக்கு நாள் வாடகை, இந்த ரூம், பஜ்ஜி. அவ்வளவுதான்.”

“வாடகைக்கு எடுத்தது யாரு?”

சுப்பராயன் உதட்டைக் கடித்துக்கொண்டார். “சொன்னா என்னைக் கூறு போட்டுடுவாங்க.”

“சரி, சொல்ல வேண்டாம். இதையாவது சொல்லும். முப்பத்தெட்டுன்னு நீரு விலை சொன்னப்போ இவங்க வீட்டுலேருந்து யார் பதில் சொன்னா?”

“பெரியம்மா. மாமியார்.”

“என்ன சொன்னா?”

“‘சரி’ன்னாங்க.”

“அப்புறம்?”

“அப்புறம் என்ன? ‘சரி’ன்னுட்டு எழுந்து போயிட்டாங்க.”

வினிதா கட்டிலில் உட்கார்ந்தாள். முதல் முறையாக அவள் முகத்தில் கேலி இல்லை.

“மங்கைக்காவா? ஐஸ் பாருக்கு அஞ்சி ரூபா கொறைக்க ஐஸ்காரனோட ஏழு தலைமுறையையும் தெருவுல இஸ்து வுடுவாங்க. புருசன் பொணத்த வாசல்ல வெச்சிகினு, சாவு மேளக்காரனாண்ட எரநூறு ரூபா கொறைக்க ஒரு மணி நேரம் நின்னாங்க அண்ணாத்தே. நான் பாத்தேன். அவங்களா முப்பத்தெட்டுக்கு சரின்னாங்க?”

“வாங்க நினைக்கிறவதான் விலையைக் குறைப்பா” என்றார் ஜெபசிங். “அவளுக்கு இந்தச் சரக்கு வேண்டாம்.”

சுப்பராயன் தலையைக் குனிந்துகொண்டார். அதுவே போதுமான வாக்குமூலமாக இருந்தது. ஆனாலும் பயம் வாயைத் திறந்துவிட்டது. “‘மருமவ காசுக்கு அலைஞ்சிகினே இருக்கணும். உள்ள கீறவன் பேனாவத் தொடக்கூடாது. கெடு முடியற வரைக்கும் ஓட்டு.’ இதைத்தான் சார் சொன்னாங்க. ஏன்னு கேட்டேன். கேள்விக்கு வாடகை கெடையாதுன்னாங்க.”

கதவுப் பக்கம் சத்தம் கேட்டது. ஆட்டோவில் இருக்கச் சொன்ன சுஜா அங்கே நின்றுகொண்டிருந்தாள். நிலையைப் பிடித்திருந்த விதத்திலேயே, அவள் வெகுநேரமாக நிற்கிறாள் என்பது தெரிந்தது.

“ஒரு பேனா கொடுங்க அண்ணாச்சி” என்றாள். “ஆனா முதல்ல காசிமேடு.”

ஏலம் காலையிலேயே முடிந்திருந்தது. கழுவிவிட்ட தரையில் செதிள்களும் காக்கைகளும் மட்டும். தகரக் கொட்டகையின் நிழலில் கவிழ்த்த கிரேட் மேல் உட்கார்ந்து மங்கை இறால் தரம் பிரித்துக்கொண்டிருந்தாள். பெரியது ஒரு கூடை, சின்னது ஒரு கூடை. மூன்று பேரும் வந்து நின்றதைப் பார்த்தாள். கை நிற்கவில்லை.

“இன்னா நைனா, மீனு வோணுமா? நாளிக்கி வா.”

“உன் டெல்லி பெரியப்பா சட்டையைக் கழட்டிட்டாரு” என்றார் ஜெபசிங்.

மங்கை ஒரு இறாலைத் திருப்பிப் பார்த்துச் சின்னக் கூடையில் போட்டாள். “சாயங்காலம் வரிக்கும் தாங்குவான்னு நெனச்சேன். வாடகை மூஞ்சிதான, எவ்ளோதான் தாங்கும்.”

“ஏன் அத்தை?” என்றாள் சுஜா. “உங்க வயித்துல பொறந்தவரு தானே?”

“நீ குந்து மொதல்ல.”

சுஜா உட்காரவில்லை.

“கவர்னரு தள்ளினப்புறம் உள்ள போயி பாத்தேன். ‘இத்தினி நாளு வாய மூடிகினு கீறேன்மா, ஆயுள்தான் குடுப்பாங்கன்னு நெனச்சி. இனிமே முடியாது. டெல்லிக்கி எய்தும்போது நெசத்த எய்திடுவேன்’னான். அதான் எய்த வுடல.”

“என்ன நெசம்?”

“கொளுத்தினது இவன் இல்ல. சின்னவன். மாரியப்பன். ஏலத்துல வந்த தகராறு, குடிச்சிட்டுப் போயி கொளுத்திட்டான். கை வெந்து வூட்டுக்கு வந்தான், நான்தான் மருந்து வெச்சிக் கட்னேன். பெரியவன் அந்தக் கேன கடல்ல போட எட்த்துகினு போனான். புடிச்சிட்டானுங்கோ.”

ஒரு காக்கை சின்னக் கூடைக்குத் தாவியது. மங்கை அதைக் காலால் விரட்டினாள்.

“யக்கா, நீ பொம்பளையா இன்னா?” என்றாள் வினிதா.

“நீ ரெண்டு பெத்துட்டு வாடி, பேசலாம். சின்னவன் கடலுக்குப் போறான். வூட்ல சோறு வேவுது. பெரியவன் உள்ள போயி ஆறு வருசம் ஆவுது. அவன் இல்லாம பயகிட்டேன். இருக்கறவன் இல்லாம இனிமே எங்க பயகறது?”

ஜெபசிங் எத்தனையோ திருடர்களைப் பார்த்தவர். இத்தனை நிதானமாகத் தரம் பிரிக்கிற கையைப் பார்த்ததில்லை.

“இதைக் கேளு மங்கை. மனு டெல்லிக்குப் போனதும் உள்துறை மாநிலத்தைக் கேக்கும். மாநிலம் போலீஸைக் கேக்கும். போலீஸ் பழைய கதையைத்தான் சொல்லும். பொண்டாட்டி எழுதுன நிஜம் மட்டும் போனா தராசுல நிக்காது. வெந்த கைக்கு மருந்து வெச்சவ எழுதினா நிக்கும். நீ கண்ணால பார்த்ததை எழுதிக் கையெழுத்துப் போடு.”

“போட மாட்டேன்.” இப்போதுதான் மங்கையின் கண்ணில் ஏலக்காரி விழித்தாள். கை நின்றது. “ஒண்ணு பண்ணு சுஜா. சின்னவன் பேரு இல்லாம எய்து. ‘தப்பு நடந்து போச்சி, உயிர மட்டும் வுடுங்க’ன்னு எய்து. பெத்த வயிறுன்னு நானும் கீய கையெழுத்துப் போட்றேன். அழுவணும்னா டெல்லிக்கே வந்து அழுவுறேன். தூக்கு ஆயுளா மாறட்டும். உயிரு மிஞ்சும். எனுக்கும் ரெண்டு புள்ளயும் மிஞ்சும்.”

“செய்யாத கொலைக்கு மன்னிப்புக் கேட்டுட்டு சாவுற வரைக்கும் அவரு உள்ளே இருக்கணுமா?”

“உயிரோட இருப்பான் இல்ல? படகையும் உன் பேர்ல எய்திட்றேன். சின்னவனாண்ட நான் சொல்லிக்கிறேன். படகும், இந்த வளையலும். இன்னா சொல்ற?”

விலை மேலே போய்க்கொண்டிருந்தது. சுஜா ஜெபசிங்கைப் பார்த்தாள். பாதியாவது நிச்சயம் கிடைக்கும் போலிருக்கிற சரக்கு ஒரு பக்கம். முழுசாகக் கிடைக்கலாம், ஒன்றுமே கிடைக்காமலும் போகலாம் என்கிற சரக்கு மறுபக்கம். வியாபாரக் குடும்பத்தில் பிறந்த இரண்டு பேருக்கும் எது புத்திசாலித்தனம் என்று தெரியும். ஜெபசிங் கடலைப் பார்த்துத் திரும்பி நின்றார். இன்னொருத்தியின் புருஷனை அவர் எடை போடுவதாக இல்லை.

சுஜா திரும்பி ஆட்டோவை நோக்கி நடந்தாள்.

“சுஜா!” என்று மங்கை கூப்பிட்டாள். ஒரு தடவைதான். பிறகு கை தானாக இறாலுக்குத் திரும்பியது.

மாதவரம் வழியாகப் புழல் போகிற வரை சுஜா மடியில் அட்டையை வைத்து எழுதிக்கொண்டே வந்தாள். ஆட்டோ குலுங்கியபோதெல்லாம் எழுத்து எகிறியது, அடித்துத் திருத்தவில்லை. மாரியப்பன் என்ற பெயரை எழுதும்போது மட்டும் ஆட்டோவை நிறுத்தச் சொன்னாள். அந்த ஒரு சொல் தெளிவாக இருக்க வேண்டுமாம். வினிதா அத்தனை தூரமும் ஒரு வார்த்தை பேசவில்லை. ஜெபசிங் கொடுக்காத சம்பளத்தை அவள் அன்றைக்குச் சம்பாதித்துவிட்டாள்.

ஐந்து மணிக்குக் கொஞ்சம் முன்னால் சிறை ஆபீஸில் மனுவை வாங்கி முத்திரை போட்டார்கள். அதோடு புருஷனைப் பார்க்கவும் சுஜாவை அனுமதித்தார்கள். அவள் வெளியே வந்தபோது வாசலில் சுண்டல் வண்டிக்காரர் கடையைக் கட்டிக்கொண்டிருந்தார்.

“என்ன சொன்னாரு?” என்று கேட்டார் ஜெபசிங்.

“எதையும் கேக்கலை அண்ணாச்சி. தம்பி பேரை எழுதினியான்னுகூடக் கேக்கலை. ஒண்ணே ஒண்ணுதான் கேட்டாரு. ‘அம்மா கையெழுத்துப் போட்டாளா?’”

“நீ என்ன சொன்னே?”

“போட்டாங்கன்னேன்.”

வினிதா முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டாள். ஆட்டோ கிளம்பியது. அன்றைய கணக்கை ஜெபசிங் வழியிலேயே மனசுக்குள் முடித்தார்.

எரிந்த உயிர் மூன்று, வசூலுமில்லை, தள்ளுபடியுமில்லை. பெற்ற பிள்ளை இரண்டு. கொளுத்தியவன் கடலில், கேனைத் தூக்கியவன் கொட்டடியில். பொய் இரண்டு, மாமியார் வாடகைக்கு எடுத்தது ஒன்று, மருமகள் சும்மா கொடுத்தது ஒன்று. பாக்கி, கையெழுத்து இரண்டு. டெல்லியில் ஒன்று, காசிமேட்டில் ஒன்று.

டெல்லிக் கையெழுத்தாவது வரும் என்று ஜெபசிங் நம்பினார்.